சுருட்டு எரியும் நேரம்

எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் போனவர்கள். மூன்று தலைமுறையாகச் சுருட்டுப் பிடித்தவர்களும்கூட. முதலாவதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரும். இரண்டாவதையும் நான் மறைப்பதில்லை. முதலாவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இரண்டாவதால்தான் தெரிய வந்தது.

நான் விமானப்படையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து வாரன்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவன். தாம்பரம் தளத்தில் உள்ள மெக்கானிக்கல் டிரெயினிங் இன்ஸ்டிடியூட்டில் பயிற்சி. கடைசிப் போஸ்டிங்கும் அங்கேயே அமைந்ததால் சிட்லபாக்கத்தில் வீடு கட்டித் தங்கிவிட்டேன்.

தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ், ராணுவத்தின் இன்ஜினியர் படை. ராணுவத்தில் அவர்களைத் ‘தம்பி’ என்றுதான் அழைப்பார்கள். அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டின் 16-வது பட்டாலியன். லீவில் வந்தாலும் சரி, ஓய்வுக்குப் பிறகும் சரி, அப்பா அதிகம் பேசியதில்லை. ஞாயிறு சாயங்காலம் மட்டும் உறையூர்ச் சுருட்டு ஒன்றை எடுத்து, விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்து, தீக்குச்சியால் நிதானமாகப் பற்ற வைப்பார். லைட்டரைத் தொடமாட்டார், பெட்ரோல் வாசனை இலையில் ஏறிவிடும் என்பார். அது எரிந்து முடியும்வரை என்ன கேட்டாலும் பதில் வரும். அணைந்துவிட்டால் பேச்சும் நின்றுவிடும்.

1971 டிசம்பர் பாகிஸ்தான் போர் அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. பசந்தர் நதி, ஷக்கர்கர் பகுதி. ஆற்றைக் கடந்து அக்கரையில் பிடி விடாமல் நிற்க வேண்டிய வேலை 16 மெட்ராஸுக்கு. பின்னால் டாங்கிகள் வரவேண்டும். நடுவே முழுக்கக் கண்ணிவெடி. இருட்டில் அந்த வெடிகளை அகற்றி வழி போட்டது 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட். அதுவும் மெட்ராஸ் சாப்பர்ஸ். டிசம்பர் 16 அன்று பூனா ஹார்ஸ் டாங்கி ரெஜிமென்டின் அருண் கேதர்பால் எரியும் டாங்கியை விட்டு இறங்காமல் உயிர் கொடுத்தது அந்தக் களத்தில்தான். அப்பா இதையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னது: “டேய், உங்க தாத்தா படை ஆளுங்க வழி போட்டுத்தான்டா எங்களுக்குப் பின்னாடி டாங்கி வந்துச்சு.” சொல்லும்போது அவர் குரல் மாறியிருந்தது.

அப்பாவுக்குப் பிறகு சுருட்டுப் பெட்டியும் பழக்கமும் எனக்கு வந்தன. திருச்சி, திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டுக்கு உலகம் முழுக்க ஒரு காலத்தில் மரியாதை இருந்தது. 1887-இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, கீழே கிடந்த சாம்பலைப் பார்த்து ‘இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு’ என்று ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். அந்தப் பக்கத்தைப் படித்தபோது ஊர்க்காரனைப் பார்த்த சந்தோஷம் எனக்கு. சுருட்டைக் காப்பாற்றுவது தனி வேலை. ஐப்பசி மழையில் எங்கள் பக்கத்து ஈரத்துக்குப் பூஞ்சை பூத்துவிடும். சித்திரை வெயிலில் மேல் இலை வெடித்துவிடும். மரப்பெட்டியில் அடுக்கி, வாரம் ஒருமுறை திறந்து திருப்பி வைக்க வேண்டும். இன்ஜின் பராமரித்த கைக்கு இந்த வேலை பிடித்துப்போனது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். புகையை உள்ளே இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று எங்கள் தலைமுறை நம்பியது. அது உண்மையல்ல. வாயில் நிற்கும் புகையிலிருந்தே நிக்கோடின் உடம்பில் ஏறும். வாய், தொண்டைப் புற்றுநோய் வரலாம். இப்போது என்றைக்காவது ஒன்று, அதுவும் மொட்டை மாடியில் தனியாக. என் மகளுக்கு அந்தப் பழக்கம் இல்லை என்பதில் எனக்கு நிம்மதி.

அவள்தான் நாலாவது தலைமுறை. பரங்கிமலை ஆபீசர்ஸ் டிரெயினிங் அகாடமியில் 1992 முதல் பெண்களுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறினால் ஐந்தாவது ஸ்டேஷன். அங்கே அணிவகுப்பு முடிந்து அவள் தோளில் நட்சத்திரத்தை நானும் என் மனைவியும் சேர்ந்து குத்தினோம். அந்தப் பெருமைக்கு ஈடு என் வாழ்க்கையில் வேறில்லை.

அந்த அகாடமிக்கான தேர்வுக்குப் போவதற்கு முன் அவள் கேட்டாள்: “அப்பா, கொள்ளுத் தாத்தா இத்தாலியில எந்தக் கம்பெனி? எந்த ஊர்ல சண்டை போட்டாரு?” எனக்குத் தெரியவில்லை. ‘இரண்டாம் உலகப் போர், இத்தாலி, காசினோ பக்கம்’ என்பதோடு அப்பாவின் நினைவும் நின்றிருந்தது. அதே காசினோ போர்முனையில், 1944 பிப்ரவரி 24 அன்று, கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட வந்தவர்களைக் காப்பாற்றி ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியனும் மெட்ராஸ் சாப்பர்தான். அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர். தாத்தா அவரைப் பார்த்திருப்பாரா, கூட நடந்திருப்பாரா? கேட்க யாருமில்லை. பரணில் கிடந்த இத்தாலி ஸ்டார் பதக்கத்தின் பின்புறம் தாத்தாவின் பட்டாள எண் பொறித்திருந்தது. அந்த எண்ணை வைத்துப் பெங்களூரில் உள்ள சாப்பர்ஸ் ரெக்கார்ட்ஸுக்கு எழுதியிருக்கிறோம்.

ஒரு விவரம் தெரியாமல் இருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதை எங்கள் பகுதி பார்த்திருக்கிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய ஏ.என்-32 விமானம் 29 பேரோடு வங்கக் கடலில் காணாமல் போனது. ஏழரை ஆண்டு கழித்து, 2024 ஜனவரியில்தான் சென்னைக் கரையிலிருந்து சுமார் 310 கிலோமீட்டர் தள்ளி, 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தெரிந்தன. கண்டுபிடித்தது பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம். எங்கே என்ற ஒரு சொல்லுக்காக அந்தக் குடும்பங்கள் அத்தனை வருஷம் காத்திருந்தன.

பட்டாளக் குடும்பம் என்று பெருமை பேசினால் போதாது. உங்கள் வீட்டில் படையிலிருந்து வந்த பெரியவர் இருந்தால், அவருக்குச் சுருட்டோ வெற்றிலையோ காபியோ, எது வாயைத் திறக்கவைக்குமோ அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் உட்காருங்கள். பட்டாள எண், ரெஜிமென்ட், கம்பெனி, போன ஊர்கள், கூட இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். டிஸ்சார்ஜ் புக்கைப் பிரதி எடுத்து வையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.