துப்பாக்கியில் டார்ச் கட்டலாமா?

மல்லாட்டையில் காய் பிடிக்கத் தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கொல்லைகளில் யாருக்கும் தூக்கம் இருக்காது. முந்திரித் தோப்பிலிருந்து காட்டுப்பன்றி இறங்கிவிடும். ஒரே இரவில் ஏர் ஓட்டியது போலக் கிளறிவிட்டுப் போய்விடும்.

சென்ற மாதம் வடலூர் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கிய துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. செல்போனில் ஒரு படம் காட்டினார். வெளிநாட்டு வேட்டைத் துப்பாக்கி, குழாயின் மேல் ஒரு இரும்புப் பட்டை, அதில் டார்ச்.

"வள்ளலார் ஊர்ல இருந்துகிட்டு இதைக் கேக்கறேனேன்னு நினைக்காதீங்க சார். இந்த மாதிரி பட்டையை வெல்டிங் பட்டறையில குடுத்து நாமளே மாட்டிக்கலாமா?" என்றார்.

எங்கள் வீட்டிலேயே ஒருமுறை அதைச் செய்திருக்கிறோம் என்றேன்.

நான் பள்ளியில் படித்த காலம். அப்பாவிடம் மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி உரிமத்தோடு இருந்தது. பெரும்பாலும் வானத்தைப் பார்த்துச் சுட்டுப் பன்றியை விரட்டுவார். மூன்று கட்டை டார்ச்சைப் பிடிப்பது என் வேலை. எனக்குப் பரீட்சை வந்ததும், சைக்கிள் டியூபைக் கிழித்து டார்ச்சைக் குழாயோடு சுற்றிக் கட்டிவிட்டார்.

மாசிப் பனி. வரப்போரம் கறுப்பாக ஒன்று குனிந்து கிளறுவது வெளிச்சத்தில் தெரிந்தது. கண் மின்னவில்லை. அப்பாவின் விரல் விசையில் இருந்தபோது அந்த உருவம் இருமியது. இரவு கரண்டுக்கு எழுந்துவந்து, தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மடை திருப்பிய பக்கத்துக் கொல்லைக்காரர். நான் சித்தப்பா என்று கூப்பிடுகிறவர். விடிந்ததும் அப்பா டியூபை அறுத்து எறிந்தார். அதன்பின் அந்தத் துப்பாக்கியை அவர் இரவில் தொட்டதே இல்லை.

மாடு, ஆடு, நாய், நரி இவற்றின் கண்ணில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு, அதனால்தான் மின்னுகிறது. பன்றிக்கு அந்தப் படலம் கிடையாது. மனிதனுக்கும் கிடையாது. இருட்டில் கண் மின்னாமல் குனிந்திருப்பது பன்றியாகவும் இருக்கலாம், உங்கள் பங்காளியாகவும் இருக்கலாம். கையில் டார்ச் இருந்தால் முதலில் பார்ப்போம், பிறகு யோசிப்போம். துப்பாக்கியில் டார்ச் இருந்தால், யாரென்று பார்க்கவே அவர்மேல் குறி வைக்க வேண்டும்.

குழாயில் துளை போட்டாலும் வெல்டிங் வைத்தாலும் அந்த இடம் பலவீனப்படும்; சுடும்போது முகத்துக்கு நேரே பிளக்கலாம். உரிமம் துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தானே தவிர, பன்றியைக் கொல்ல அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் காட்டுப்பன்றியும் இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

"அப்ப நான் என்னதான் சார் பண்றது?" என்றார். நியாயமான கேள்வி.

சூரிய மின்வேலி போடுங்கள். அதில் மின்சாரம் விட்டுவிட்டு வருவதால் அதிர்ச்சி கொடுக்கும், கொல்லாது. பன்றி மூக்கால் அடியில் நெம்பி நுழையும். ஆகவே கடைசிக் கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் போகக்கூடாது. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். வாரம் ஒருமுறை செதுக்குங்கள். வீட்டு மின்சாரத்தையோ மோட்டார் இணைப்பையோ கம்பியில் நேராகக் கொடுப்பது குற்றம். அது ஆளைக் கொன்றுவிடும். தனியாக வேலி போட முடியாவிட்டால் நான்கு கொல்லைக்காரர்கள் சேர்ந்து போடுங்கள், செலவு குறையும். சேதமானால் அன்றே படம் எடுத்து வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள்.

அவர் பாதி மனதோடுதான் எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பி, "அந்தச் சித்தப்பா இருக்காரா சார்?" என்றார்.

இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார். இப்போதும் இருமுகிறார்.