முந்நூற்று இருபத்திரண்டு ரூபாய்

குற்றாலத்துக்குப் புறப்படுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன எடுத்து வைப்பீர்கள்? மாற்றுப் புடவை, துண்டு, ஈரத் துணிக்கு ஒரு பை, வழியில் சாப்பிடப் புளியோதரை, ஜலதோஷத்துக்கு ஏதாவது மருந்து. நானும் இவ்வளவையும் எடுத்து வைத்தேன். 2024ஆம் வருஷம் ஜூலை மாதம் அது. சாரல் அமர்க்களமாக இருக்கிறதென்று தென்காசியிலிருந்து அத்தை போன் செய்ததும் சென்னையிலிருந்து காரிலேயே கிளம்பிவிட்டோம். ஒன்றை மட்டும் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டேன். காரின் இன்ஷூரன்ஸைப் புதுப்பிப்பதைத்தான் சொல்கிறேன்.

"கார் வைத்திருக்கும் பவிசைச் சொல்ல வந்துவிட்டாள்" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். எங்களுடையது சின்னக் கார். 2020இல், இவர் தென்காசியில் வேலையாக இருந்தபோது வாங்கியது. "உன் பேரிலேயே எழுதிருவோம், ராசியா இருக்கும்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆர்.சி.யில் பெயர் இருப்பதற்கு என்ன அர்த்தம் என்று அன்று நான் யோசித்தேனா? அதைப் பிறகு சொல்கிறேன். இரண்டு வருஷத்தில் பையனுடைய காலேஜ் படிப்புக்காகச் சென்னைக்கு ஜாகை மாற்றினோம். டிஎன் 76 என்ற தென்காசி எண்ணோடு காரும் கூடவே வந்தது.

ஊரில் இருந்தவரை எனக்கு இன்ஷூரன்ஸ் கவலை இருந்ததில்லை. அண்ணாச்சி ஒருவர் பார்த்துக்கொண்டார். ரிடையரான வாத்தியார். ஆனி மாதம் பிறந்தால் வாசலில் சைக்கிள் மணி கேட்கும். "ஏம்மா, வண்டிக்கு நாள் நெருங்குது" என்பார். அவர் சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு, ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்து அனுப்புவோம். அவ்வளவுதான்.

சென்னைக்கு வந்ததும் எனக்குச் சாமர்த்தியம் வந்துவிட்டது. பெரிய பட்டணம், கம்பெனிகளும் ஏஜண்டுகளும் ஏராளம். போட்டி இருந்தால் விலை குறையாதா? ரங்கநாதன் தெருவில் நாலு கடை ஏறி இறங்கி ஜாக்கெட் துணி வாங்குகிறவளுக்கு இது ஒரு பிரமாதமா? அரைக்குயர் நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று வாரம் விசாரித்ததில் பதினொரு கம்பெனிகளின் தொகை சேர்ந்தது. ஒரே கார், ஒரே வருஷம். ஒருவர் 7,200 ரூபாய் என்றார், இன்னொருவர் 14,900 என்றார். இடைவெளியில் ஒரு நல்ல பட்டுப் புடவையே இருக்கிறது!

நோட்டு நிரம்ப நிரம்பத்தான் விஷயம் பிடிபட்டது. நாம் கட்டும் பிரீமியம் உண்மையில் இரண்டு தொகைகளின் கூட்டு. ஒன்று, நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் சேதத்துக்கு. இதற்குச் சர்க்காரே விலை நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலுக்கு வந்த அறிவிப்பின்படி, 1,000 சிசி வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416, அதையும் தாண்டினால் 7,897. எங்களுடையது நடு ரகம். இதில் பேரமே கிடையாது. சென்னையானாலும் செங்கோட்டையானாலும் ஒரே விலைதான். இரண்டாவது தொகை, நம் காருக்கே வரும் சேதத்துக்கு. 2007 ஜனவரி 1 முதல் இதைக் கம்பெனிகள் தங்கள் இஷ்டப்படி நிர்ணயித்துக்கொள்ளலாம். விளையாட்டெல்லாம் இங்கேதான்.

அந்த 7,200 ரூபாய் ஆசாமியின் தாளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எங்கள் கார் மூன்றரை லட்சம் பெறும். அவர் அதன் மதிப்பை 2,20,000 என்று போட்டிருந்தார். கார் திருட்டுப் போனால் கைக்கு வருவது அந்த மதிப்புத்தான். காரைத் தேய்த்துப் பிரீமியத்தைக் குறைத்திருக்கிறார் மனிதர்! "வேண்டாம், ஐயா" என்று அவர் பெயரை அடித்தேன்.

அடுத்தது வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விவரிக்க வேண்டாம். இப்போது எங்கள் மாடியில் குடியிருப்பவர் அப்போது தாழ்வான வேறொரு பேட்டையில் இருந்தாராம். தண்ணீர் பாதி வடிந்ததும் கார் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருகியிருக்கிறார். என்ஜினுக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியுமா? உள்ளே இருக்கும் இரும்புத் தண்டே வளைந்துவிட்டது. "தண்ணீர் வந்தது இயற்கை, சாவியைத் திருகியது நீங்கள்" என்று கம்பெனி என்ஜினுக்குக் காசு தரவில்லையாம். என்ஜினுக்கென்று தனியாக ஒரு சேர்ப்பு இருக்கிறது. சில நூறு ரூபாய்தான் கூட ஆகும். அதை மட்டும் சேர்த்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். நம் ஊர்ப் பக்கம் என்றால் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். 2023 டிசம்பரில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் தென்காசியும் பட்ட பாடு மறந்து போகுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை!

இந்த இடத்தில் ஒரு குரங்கின் கதையைச் சொல்ல வேண்டும். 2023 சீஸனில் பேரருவியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், காரின் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு தடிக் குரங்கு தன் முகத்தையே பார்த்து உறுமிக்கொண்டிருக்கிறது. நாங்கள் ஓடி வருவதற்குள் எதிரியைத் தோற்கடித்துக் கண்ணாடியைக் கையோடு பிடுங்கிப் போட்டுவிட்டது. ரிப்பேர் 2,800 ரூபாய். "இன்ஷூரன்ஸில் கேட்டால் என்ன?" என்றார் இவர். நான் நோட்டை எடுத்தேன். முதல் ஆயிரம் ரூபாய் எப்படியும் நம்முடையது. பிளாஸ்டிக் பாகத்துக்குப் பாதி விலைதான் கொடுப்பார்கள். ஆக, கைக்கு வருவது ஆயிரத்துக்கும் கீழே. ஆனால் நஷ்ட ஈடு கேட்காமல் வருஷங்களைத் தள்ளினால், நம் காருக்கான தொகையில் 20, 25, 35, 45, 50 என்று சதவிகிதக் கழிவு ஏறிக்கொண்டே போகும். எங்களுக்கு மறு வருஷம் 45 வர வேண்டும். குரங்குக்காக வாய் திறந்தால் அது பூஜ்யமாகிவிடும். ஐயாயிரம் ரூபாய் வரை நஷ்டம். வாயை மூடிக்கொண்டு 2,800 கொடுத்தோம். குரங்குக்குத்தான் லாபம்; எங்கள் முறுக்குப் பொட்டலமும் அதோடு போயிற்று.

இத்தனை கெட்டிக்காரத்தனம் செய்தவள் எங்கே கோட்டை விட்டேன், கேளுங்கள். பதினொன்றைக் கழித்துக் கழித்து ஒரு கம்பெனியில் வந்து நின்றேன். அவர்கள் சென்னை விலாசத்தைப் பார்த்து எங்களைச் சென்னைக் கட்டணத்தில் போட்டிருந்தார்கள். பழைய கட்டண அட்டவணையில் தேசத்தை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். சென்னை, மும்பை, டில்லி, கல்கத்தா, பெங்களூர், ஐதராபாத், ஆமதாபாத், புனே ஆகிய எட்டு நகரங்கள் ஒரு பக்கம். பாக்கி எல்லா ஊரும் மறுபக்கம். கம்பெனிகள் இன்னும் அந்தப் பிரிவை விடவில்லை. கார் எங்கே பதிவாகியிருக்கிறதோ அந்த ஊர்தான் கணக்கு. எங்களுடையது தென்காசியல்லவா? விடுவேனா நான்! நாலு நாள் போனிலும் கடிதத்திலும் சண்டை போட்டேன். அட்டவணைப்படி எங்கள் ரகக் காருக்குச் சென்னையில் மதிப்பில் 3.283 சதவிகிதம், மற்ற ஊர்களில் 3.191. மூன்றரை லட்சத்துக்கு வித்தியாசம் எவ்வளவு தெரியுமா? 322 ரூபாய். அதிலும் 45 சதவிகிதம் கழிவு வேறு!

அந்த 322 ரூபாய் தீராமலே ஊருக்குப் புறப்பட்டோம். ஜூலை 12, வெள்ளிக்கிழமை நடுநிசியோடு பாலிஸி முடிகிறது. "பரவாயில்லை, தொண்ணூறு நாள் தவணை இருக்கிறது. திரும்பி வந்து ஒரு கை பார்க்கிறேன்" என்று இவரிடம் சொன்னேன். தொண்ணூறு நாள் என்று எங்கேயோ படித்திருந்தேன். அரைகுறையாகப் படித்திருந்தேன் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தென்காசி போய்ச் சேர்ந்ததும் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போனோம். கோபுர வாசலில் புடவைத் தலைப்பைப் பறிக்கும் அந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அதற்காகவே ஒரு தரம் போய் நிற்கலாம். பிராகாரத்தில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். க்ஷேமலாபம் விசாரித்த கையோடு, "வண்டிக்கு இப்போ நாள் வரணுமே?" என்றார்.

"இன்னிக்கோட முடியுது அண்ணாச்சி. தொண்ணூறு நாள் தவணை இருக்கே."

தலையில் கையை வைத்துக்கொண்டார். "தொண்ணூறு நாள் உன் கழிவுக்குத்தாம்மா! அது கெட்டுப் போகாம இருக்கறதுக்கு. வண்டிக்குப் பாதுகாப்பு இன்னிக்கு ராத்திரி பன்னிரண்டு மணியோட சரி. நாளைக்கு நீ ஐந்தருவிக்குப் போனா, வெறும் வண்டியிலதான் போவே."

"322 ரூபாய் கூடப் போட்டிருக்காங்களே" என்று நான் இழுத்தேன்.

"எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்கும். பேசாமல் எங்களோடு வீட்டுக்கு நடந்தே வந்தார். பையன் போனை எடுத்துக்கொண்டு உட்கார, அண்ணாச்சி சொல்லச் சொல்லப் புதுப்பித்தோம். என்ஜின் சேர்ப்பு உட்பட 10,900 ரூபாய். பணம் போய்ச் சேர்ந்தபோது மணி பத்தரை. அத்தை அண்ணாச்சிக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஐந்தருவியில் ஆனந்தமாகக் குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் வயல். சாரல் கண்ணாடியில் பொடிப் பொடியாக விழுகிறது. ஒரு சந்திலிருந்து டிவிஎஸ் 50 ஒன்று பால் கேனோடு வெளியே வந்தது. அவர் பார்க்காமல் வந்தார் என்பது உண்மை. இவர் அந்த ஈரத்தில் போக வேண்டியதைவிடக் கொஞ்சம் வேகமாகப் போனார் என்பதும் உண்மை. பிரேக் போட்டும் சக்கரம் வழுக்கிக்கொண்டு போய் இடித்தது. ரோடெல்லாம் பால். அந்த மனிதர் முழங்காலுக்குக் கீழே பிடித்துக்கொண்டு கிடந்தார்.

கூட்டம் கூடிவிட்டது. யாரும் அடிக்க வரவில்லை. நம் ஊர் ஜனங்கள் நல்லவர்கள். ஆனால் ஆட்டோவில் அவரை ஏற்றும்போதே இரண்டு பேர் கேட்டார்கள்: "வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருக்குதா?" "இருக்கு" என்று இவர் சொன்னார். நான் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். கால் நடுக்கம் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு அவருடைய மனைவி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. என்னைத் திட்டுவாள் என்று பயந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, யாரிடமோ கேட்பதுபோல், "சாயங்காலம் மாட்டை யாரு கறப்பா?" என்றாள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

அன்று மாலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் வந்த பிறகு, வக்கீலாக இருக்கும் எங்கள் மாமா வீட்டுக்கு வந்தார். "எலும்பு முறிவோட போச்சு. உசிரே போயிருந்தா என்ன கணக்குன்னு தெரியுமா?" என்று, மேஜைமேல் கிடந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். முப்பது வயது, மாதம் 15,000 சம்பாதிக்கிறவர் என்று வையுங்கள். வருஷத்துக்கு 1,80,000. எதிர்காலத்தில் வருமானம் உயருமே, அதற்காக 40 சதவிகிதம் கூட்டினால் 2,52,000. நம்பி இருப்பவர்கள் நாலைந்து பேர் என்றால், இறந்தவரின் சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழிய 1,89,000. முப்பது வயதுக்குப் பெருக்கும் எண் 17. ஆக 32,13,000 ரூபாய்! சுப்ரீம் கோர்ட் 2009லும் 2017லும் சொன்ன தீர்ப்புகளின்படி இப்படித்தான் கணக்கிடுகிறார்களாம்.

"இதை யாரு கொடுக்கணும்? பாலிஸி இருந்தா கம்பெனி. சாவுக்கும் காயத்துக்கும் இவ்வளவுதான்னு உச்சவரம்பு கிடையாது. இல்லேன்னா வண்டிச் சொந்தக்காரர் கொடுக்கணும்" என்று நிறுத்தினார். "வண்டி யாரு பேர்ல இருக்கு?"

இவர் என்னைப் பார்த்தார். நான் என் பெயரில் வந்த ராசியை நினைத்துக்கொண்டேன். பாலிஸி இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. அதை மட்டும்தான் நான் இத்தனை நாளும் பெரிய தண்டனையாக நினைத்திருந்தேன். 1946 ஜூலையிலிருந்து இந்தத் தேசத்தில் இது கட்டாயம், வெள்ளைக்காரன் காலத்திலேயே வந்துவிட்டது என்று மாமா மேலும் ஏதேதோ சொன்னார். எனக்குக் காதில் ஏறவில்லை. பத்தரை மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவே இருந்த ஒன்றரை மணி நேரத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பால்காரர் ஆறு மாதம் எழுந்து நடமாடவில்லை. இரண்டு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டார்கள். மற்றதை அவர் மனைவியே கறந்து, சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் ஊற்றினாள். வழக்கு மறு வருஷம் லோக் அதாலத்தில் சமரசமாகி, கம்பெனி பணம் கட்டியது. அதற்குள் அவர்கள் பட்ட கஷ்டத்துக்கு அந்தப் பணம் ஈடாகுமா? கோர்ட்டில் அதற்கு எண் கிடையாது. ஆரம்பத்தில் எங்களால் முடிந்ததைக் கொடுத்தோம். அதைப் பற்றிச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

2025 ஜூலையில் மறுபடி தென்காசி போயிருந்தோம். காலையில் வாசலில் மணி கேட்டது. அண்ணாச்சி என்று நினைத்துப் போனேன். பால்காரர், இலேசாகக் காலைச் சாய்த்து நின்றார். இப்போது அத்தை வீட்டுக்கு அவர்தான் பால் ஊற்றுகிறாராம். பாத்திரத்தை நீட்டினேன். அளந்து ஊற்றினார். பிறகு, வாசலில் நின்ற காரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பணம் கட்டியாச்சாம்மா?" என்று கேட்டார்.

"போன மாசமே கட்டிட்டேன்" என்றேன்.