கடன் என்னும் சுருக்கு



சினிமா பேசத் தொடங்காத காலம் அது. 1925ஆம் ஆண்டு, இந்தியாவின் கோலாப்பூரில் பாபுராவ் பெயின்டர் என்பவர் 'சாவ்காரி பாஷ்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். 'வட்டிக்காரனின் சுருக்கு' என்பது அதன் பொருள். பெரும்பாலும் புராணக் கதைகளே படமாகிய நாட்களில், இது ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தின் கதை. பணத்தாசை பிடித்த வட்டிக்காரனின் சூழ்ச்சியால் அவர்களின் நிலம் பறிபோகிறது. மகன் நகரத்துக்குப் போய் ஆலைத் தொழிலாளியாகிறான். அந்த இளைஞனாக நடித்தவர், பின்னாளில் பெரிய இயக்குநரான வி. சாந்தாராம்.

இக்கதையை வாசித்தபோது ஹட்டனில் எங்கள் லயத்து அம்மாயியின் பேச்சுத்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. எம் முன்னோரும் வறுமையால் ஊரைவிட்டு வந்தவர்களே. அவர்கள் வந்து சேர்ந்தது தேயிலைத் தோட்டத்துக்கு. கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு எல்லாம் அவர்கள் பெயரில் கடனாக ஏறியது. வேறு தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனைக் கட்டினால் ஆட்களை விடுவோம் என்று தோட்டத்துரை கொடுக்கும் சீட்டு அது. புதிய தோட்டம் கடனைக் கட்டும். பின் அதே கடன் அவர்கள் பெயரிலேயே மறுபடி ஏறும். 1921இல் சட்டம் துண்டைத் தடை செய்தது.

"நம்ம கணக்க இன்னொருத்தன் எழுதுனா அது கொறையவே கொறையாது" என்பார் அம்மாயி.

1977 வன்செயலுக்குப் பின் எம் உறவினர் சிலர் வன்னியில் குடியேறினார்கள். யுத்தம் அவர்களையும் விடவில்லை. கணவனை இழந்த என் சித்தி மகள், மீளக் குடியேறிய பின் தையல் மெசின் வாங்கக் குழுக்கடன் எடுத்தாள். கிழமைக்கொரு தவணை. அவள் தவறினால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் கட்ட வேண்டும். அந்த வெட்கத்துக்கு அஞ்சி இன்னோரிடத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது கடன். துண்டைப் போலவே கடன் கை மாறியதே தவிர, தீரவில்லை. ஒப்பந்தம் இருந்தது ஆங்கிலத்தில். கையொப்பம் மட்டுமே அவளுடையது.

இது நமக்கு மட்டுமான துன்பமல்ல. 2021 மார்ச்சில் ஹிங்குராக்கொடையில் சிங்களச் சகோதரிகளும் நுண்கடனுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

கடன் வாங்குவது குற்றமல்ல. ஆனால் கையொப்பமிடுமுன் கேளுங்கள்: மொத்தமாக எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? தமிழில் எழுதித் தருவீர்களா? ஒவ்வொரு தவணைக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒரு கொப்பியில் நீங்களே கணக்கு எழுதுங்கள்.

சித்தி மகள் இப்போது எழுதுகிறாள். கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் இன்னும் எவ்வளவு என்று கேட்டால், அவளே கொப்பியைப் பார்த்துச் சொல்வாள்.