திருகோணமலையில் மிதந்தெழுந்த பர்மாக் கப்பல்

பண்ருட்டியிலிருந்து பர்மாவுக்குப் பொருள் தேடிச் சென்றவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். 1942 மார்ச் 8-இல் இரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கு முன்பே, கப்பலில் இடம் கிடைக்காமல் அரக்கான் மலைவழியே நடக்கத் தொடங்கிவிட்டார் அவர். ஆகவே, பர்மா ஊரொன்றின் பெயர் தாங்கிய கப்பலைப் பற்றிக் கேள்விப்பட்டால் என் செவி தானே கூர்மையடையும்.

உறவினர் இல்லத் திருமணத்திற்காகத் திருகோணமலை சென்றிருந்தேன். கையில், வழக்கம்போல் நம் ஊர் முந்திரிப் பொட்டலம். கரையில் நின்றபோது மச்சான் உள்துறைமுகத்தின் பக்கம் கைநீட்டி, "சகாயிங் கப்பல் அங்கேதான் கிடந்தது மச்சான்" என்றார்.

ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் 1924-இல் கடலில் இறக்கப்பட்ட கப்பல் அது. பயணிகளும் சரக்கும் ஏற்றி இரங்கூன் வழியில் ஓடிய ஹெண்டர்சன் நிறுவனத்திற்கு உரியது. அந்நிறுவனத்தார் தம் கப்பல்களுக்குப் பெகு, பாமோ, சால்வின் எனப் பர்மாவின் ஊர்ப் பெயர்களையும் ஆற்றுப் பெயர்களையுமே சூட்டி வந்தனர். 1942 ஏப்ரல் 9-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலை மீது குண்டு பொழிந்தபோது சகாயிங் தீப்பற்றியது. மாலுமிகள் அதனைக் கைவிட்டனர். அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் மூழ்கிற்று. எரிந்த சகாயிங்கை ஆங்கிலேயர் 1943-இல் வேண்டுமென்றே அமிழ்த்தி, இறங்குதுறையாகப் பயன்படுத்தினர்.

எழுபத்தைந்து ஆண்டுகள் அப்படியே கிடந்த அதனை எழுப்பியவர்கள் இலங்கைக் கடற்படையின் சுழியோடிகள். 2017 செப்டம்பரில் தொடங்கிய பணி 2018 மார்ச்சில் முடிந்தது. முப்பத்தைந்து அடி ஆழம்தானே என்று எண்ணிவிடாதீர்கள்! அங்கே உடல் மீது அழுத்தம் மேற்பரப்பைப்போல் இருமடங்கு. சேறு கலங்கினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கையே கண். நீரை இறைத்துவிட்டால் கப்பல் மிதக்கும் என்பது சொல்வதற்கு எளிது. ஓட்டையை அடைக்காமல் இறைத்தால், இறைத்த அளவு நீர் மீண்டும் புகுந்துவிடும். ஒரு பக்கம் முந்தி எழும்பினாலோ, கப்பல் புரண்டு சுழியோடிகளின் உயிருக்கே ஆபத்தாகிவிடும். எனவே சிதைந்த பக்கத்திற்கு ஈடாகச் செயற்கையாக ஒரு பக்கச் சுவரையே அமைத்து, நீர் புகாவண்ணம் அடைத்து, அதன் பின்னரே இறைத்தனர். குண்டுவீசி எரிக்கச் சில மணித்துளிகள். எழுப்புவதற்கோ ஆறு மாதங்கள்!

"உங்கள் பாட்டனார் இந்தக் கப்பலைப் பார்த்திருப்பாரோ?" என்று மச்சான் வினவினார். இரங்கூன் துறையில் பார்த்திருக்கலாம்; அவர் எங்களிடம் சொன்னதில்லை. சகாயிங் எரிந்த அந்த ஏப்ரலில் அவர் சிட்டகாங்கில் காய்ச்சலில் கிடந்தார். பண்ருட்டி வந்து சேர்ந்தபோது சந்தையில் பலாப்பழம் குவிந்திருந்ததாம். பின்னாளில் ஹஜ்ஜுக்காகப் பம்பாயில் ஏறும்வரை, அவர் வேறெந்தக் கப்பலிலும் கால் வைத்ததில்லை.