சாமி இல்லாத கோயிலுக்கு ஏன் கூட்டிட்டுப் போனீங்க?

 

ஜூன் விடுமுறையில் நம்ம ஆலயத் தேவார வகுப்புப் பிள்ளைகள் 22 பேரை சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்குக் கூட்டிட்டுப் போனது உங்களுக்குத் தெரியும். தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியும் ஏறினாங்க, படங்கள் பார்த்திருப்பீங்க. மூன்றாம் நாள் பற்றி ஒரு அம்மா எனக்கு மெசேஜ் போட்டிருந்தாங்க. "அவ்வளவு வெயிலில் பஸ் ஏத்தி, சாமியே இல்லாத கோயிலுக்கு ஏன் கூட்டிட்டுப் போனீங்க?" நியாயமான கேள்விதான். தனியா பதில் எழுதுறதைவிட இங்கேயே சொல்லிடுறேன்.

நாங்க போனது கெடா மாநிலத்தில் மெர்போக். குனோங் ஜெராய் மலை அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கு. நம்ம பழைய ஏடுகளில் கடாரம்னு வருவது இந்தப் பகுதிதான். பஸ்ஸில் மைக் பிடிச்சு நான் பேசினதை இப்ப நினைச்சா கொஞ்சம் கூச்சமா இருக்கு. "1025 வாக்கில் ராஜேந்திர சோழன் கப்பல் படையோட வந்து ஜெயிச்ச மண்ணு, நம்ம மண்ணு" என்று சொல்லி, பிள்ளைகளைக் கை தட்ட வைத்தேன். பையில் ஆறு பாக்கெட் பால், சூடம், விபூதி எல்லாம் தயார்.

அருங்காட்சியகத்துக்குப் பக்கத்திலேயே ஓடை ஓரத்தில் சண்டி புக்கிட் பத்து பஹாட். சண்டி என்றால் அங்கே பழைய கோயில். 1960 வாக்கில் கல்லை எல்லாம் ஒழுங்காக அடுக்கி நிறுத்தியிருக்காங்க. ஏறிப் போகப் படி, முன்னால் மண்டபத் தளம், பின்னால் கருவறை மேடை, அவ்வளவுதான். மரத்தூணும் கூரையும் எப்பவோ மக்கிப் போச்சு, தூண் நின்ற கல் மட்டும் வரிசையா இருக்கு. கருவறை காலி. நான் சூடத்தை எடுத்ததும் காவல்காரர் பாக்சிக் ஓடி வந்தார். "ஆப்பி தா போலே!" நெருப்பு கூடாதாம். பாலும் ஊத்தக் கூடாது. எனக்கு முகம் சுருங்கிப் போச்சு, மறைக்க விரும்பல.

அப்பத்தான் வகுப்பிலேயே சின்னப் பையன், தொடக்கநிலை மூன்று, யாரும் சொல்லாமல் சப்பாத்தைக் கழற்றி ஓரமா வச்சான். அங்கே யாரும் கழற்ற மாட்டாங்க, அது தொல்லியல் இடம். கல் சுடுது. ஒவ்வொருத்தரா மத்த பிள்ளைகளும் கழற்றினாங்க. கடைசியில் நானும்.

உள்ளே, அஸ்திவாரத்தில் புதைச்சு வச்சிருந்த கல் பெட்டிகளைக் காட்சிக்கு வச்சிருக்காங்க. கும்பாபிஷேகத்துக்கு முன்னாடி பீடத்தடியில் நவரத்தினம் வைப்போமே, அதைப் பார்த்த பிள்ளைகளுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

வெளியே வந்ததும் உயர்நிலை இரண்டு படிக்கிற பிள்ளை ஒருத்தி கேட்டாள், "அங்கிள், இந்த ஊர்க்காரங்க நம்மளை என்ன செஞ்சாங்க? அவங்க ஊருக்கு வந்து அடிச்சதுக்கு நாம ஏன் கை தட்டினோம்?"

என்கிட்ட பதில் இல்லை. "அது ராஜாங்க காலம்மா" என்று மழுப்பினேன்.

நல்லவேளை, கூட வந்த தமிழாசிரியை திரும்பும் வழியில் மைக்கை வாங்கிட்டாங்க. படையெடுப்புக்கு இருபது வருஷம் முன்னாடி நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசர் பெயரில் ஒரு புத்த விகாரம் எழும்பியது. அதுக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிக் கொடுத்தவர் ராஜராஜ சோழன். செப்பேட்டில் இருக்கு. அப்பா ஊர் கொடுத்தார், மகன் படை கொண்டு போனார். அதுக்கும் பல நூறு வருஷம் முன்னாடி பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து இறங்கும் சரக்குகளில் காழகத்துப் பொருளும் ஒண்ணு. காழகம் என்றால் கடாரம்தான் என்று உரைகாரர் நச்சினார்க்கினியர் சொல்கிறார். பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. நானும் அன்றைக்குத்தான் முழுசா கேட்டேன்.

பால் வீணாகல. சுங்கை பட்டாணியில் நிறுத்தின இடத்தில் பிள்ளைகள் மைலோ கலக்கிக் குடிச்சிட்டாங்க.

வரும் சனிக்கிழமை சாயரட்சை பூஜை முடிந்ததும் மண்டபத்தில் பயணப் படங்கள் காட்டுறோம். "கடாரம் வென்ற சோழன்" என்று நான் போட்டிருந்த தலைப்பை எடுத்துட்டேன். அந்த உயர்நிலை இரண்டு பிள்ளைதான் பேசப் போறாள், தலைப்பையும் அவளே வைக்கட்டும். மெசேஜ் போட்ட அம்மா அவசியம் வரணும். இரவு அன்னதானம் உண்டு, பரிமாற ஆள் குறைவு, முடிந்தவர்கள் ஆறு மணிக்கே வந்துடுங்க.