குடலால் மூச்சுவிடும் அயிரை

மதுரைப் பக்கம் அயிரை என்றதும் முதலில் நினைத்துக்கொள்வது நாக்குதான். ஆட்டுக்கறியைவிட விலை கூடிய மீன். தலையும் வாலும் போகாமல் முழுசாகக் குழம்பில் விழுகிற மீன். ருசியைப் பேசுகிற அளவுக்கு அது வாழும் விதத்தை நாம் பேசுவதில்லை. எனக்கு அதில் தீராத ஆதங்கம் உண்டு.

சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது. மணல் நிறம், விலாவில் வரிசையாகக் கரும்புள்ளிகள். ஆற்றிலும் கண்மாயிலும் அடித்தரையை ஒட்டியே கிடக்கும். ஆள் அரவம் கேட்டால் தலையைக் குத்தி மணலுக்குள் புகுந்துவிடும். வாயைச் சுற்றியுள்ள மீசையால் தடவித் தடவி, மணலை வாயில் அள்ளி, இரையை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் செவுள் வழியே உதிர்க்கும். கண்ணுக்குக் கீழே ஒரு முள் மடங்கிக் கிடக்கிறது. எதிரி கவ்வினால் நிமிர்ந்து குத்தும். வளர்ந்த ஆணின் மார்புத் துடுப்பில் ஏழாவது, எட்டாவது கதிர்கள் ஒன்றாக ஒட்டித் தடித்திருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அதிசயம் அதன் குடல். கோடையில் கண்மாய் வற்றிக் குட்டையாகும்போது தண்ணீரில் பிராணவாயு குறைகிறது. அயிரைக் குடும்பத்து மீன்கள் மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். குடல் சுவரில் பின்னிக் கிடக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அதிலிருந்து பிராணவாயுவை எடுத்துக்கொள்ள, மிச்சக் காற்று பின்வழியே குமிழாக வெளியேறும். உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டு மண்ணைக் கக்க வைக்கிறோமே, அந்தக் குடல்தான் அதற்கு இன்னொரு நுரையீரல்.

1846இல் வலென்சியென் என்ற பிரெஞ்சு அறிஞர் அயிரைக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அவர் விவரித்த மீன் பிடிபட்டது திருகோணமலை அருகே கன்னியா வெந்நீரூற்றுகளில். சூடான நீரில் பிராணவாயு அதிகம் நிற்காது என்பதை நினைத்தால், இந்த மீன் அங்கே கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

வெந்நீரையும் வறண்ட கோடையையும் தாங்கும் இந்த உடம்பால் மணல் லாரியைத் தாங்க முடியவில்லை. வைகையில் கணுக்கால் தண்ணீர் ஓடிய மணல்பரப்புகள் குழிகளாகிவிட்டன. மேயவும் ஒளியவும் ஏற்ற இடம் சுருங்கிக்கொண்டே போகிறது. சந்தையில் அயிரை விலையைக் கேட்டு மலைக்கிறவர்கள் ஆற்று மணலைப் பற்றியும் உரக்கப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.