அசையாப் படங்கள்

பெருஞ்செலவில் எடுக்கப்படும் படங்களில் ஒருவருக்குப் பழைய நினைவு வந்தால் திரையில் வெளிச்சம் கூடிவிடும். மஞ்சள் வெயில், மெல்ல அசையும் புல், பின்னணியில் வயலின்கள். ஐம்பது வருடங்களுக்கு முந்தைய பிற்பகல் ஒன்று, கோப்பையிலிருந்து எழும் ஆவி வரை எதுவும் குறையாமல் திரும்பி வந்து நிற்கும். எனக்குத் தெரிந்த மனிதர் எவருக்கும் நினைவு இப்படி வருவதில்லை. நமக்கு வருவது ஒரு வாசற்படி, அதன் அருகே யாரோ கழற்றிவிட்ட செருப்பு, பாதி வாக்கியம். வீட்டின் மற்ற பகுதிகள் இருட்டில் கிடக்கும். அவற்றைக் கட்டியெழுப்ப மனத்திடம் பணம் இல்லை என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

நினைவையும் தன்னிலையையும் பற்றிய அறிபுனைப் படங்களில் என்னிடம் தங்கிவிட்டவை பெரும்பாலும் சிறு செலவில் எடுக்கப்பட்டவையாக இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். வறுமையைக் கலையின் நற்குணமாக்கி வாதிட நான் வரவில்லை. காசில்லாததையே தத்துவமாக மாற்றிக்கொண்டு, இரண்டு பேரை இருட்டறையில் உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் "நான் யார்?" என்று கேட்கவைக்கும் படங்கள் ஏராளம். அவற்றில் கணிசமானவற்றை முழுதாகப் பார்த்துத் தொலைத்துமிருக்கிறேன். ஆனால் மிகச் சில இயக்குநர்கள் தங்களிடம் இல்லாதவற்றையும் நினைவிடம் இல்லாதவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். நான் பேச விரும்புவது அவர்களைப் பற்றி.

முதலில் நிற்பது கிரிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962). மொத்தம் 28 நிமிடங்கள். ஏறத்தாழ முழுவதும் அசையாத கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அவற்றின்மேல் ஒரு குரல் கதை சொல்லிச் செல்லும். மார்க்கரே இதைப் 'புகைப்பட நாவல்' என்றுதான் குறிப்பிட்டார். மூன்றாம் உலகப் போரில் பாரிஸ் அழிந்துவிட்டது. எஞ்சியவர்கள் ஷாயோ மாளிகைக்குக் கீழே சுரங்கங்களில் வாழ்கிறார்கள். உணவும் மருந்தும் தேடி யாரையேனும் காலத்தினூடே அனுப்பியாக வேண்டும். அனுப்பப்பட்டவர்கள் இறக்கிறார்கள், அல்லது சித்தம் கலங்குகிறார்கள். கடைசியில் ஒரு கைதியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவனிடம் வேறு தகுதி எதுவுமில்லை. சிறுவயதில் கண்ட ஒரு காட்சி அவனை விட்டு நீங்கவில்லை, அவ்வளவுதான். ஓர்லி விமான நிலையத்தின் மேல்தளம், ஒரு பெண்ணின் முகம், யாரோ ஒருவன் விழுந்து இறப்பது.

இப்படத்தில் கால இயந்திரம் என்று காட்டும்படி எதுவும் கிடையாது. ஒரு தொங்குபடுக்கை, கண்களை மூடிய உறை, கையில் ஏற்றப்படும் ஊசி. பிடிவாதமான ஒரு ஞாபகம்தான் வாகனம். அவன் கடந்த காலத்துக்குப் போகிறான், அந்தப் பெண்ணைச் சந்திக்கிறான். இருவரும் பாடம் செய்த விலங்குகள் நிற்கும் அருங்காட்சியகத்தில் உலவுகிறார்கள். பிறகு ஒரு காலையில் அவள் உறங்கிக்கொண்டிருக்கிறாள். படங்கள் ஒன்றிலொன்று கரைகின்றன, பறவைகளின் ஒலி காது கொள்ளாமல் ஏறுகிறது, அவள் கண் திறந்து நம்மைப் பார்த்து இமைக்கிறாள். படம் முழுவதிலும் அசையும் காட்சி அது ஒன்றே. சில நொடிகள். இதே கதையை எடுத்துக்கொண்டு டெர்ரி கில்லியம் 1995இல் 'ட்வெல்வ் மங்கீஸ்' எடுத்தார். நல்ல படம், இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் எல்லாமே அசைகிறது. அதனால் எந்த அசைவும் நெஞ்சில் நிற்கவில்லை.

என் தந்தை 1978இல் இறந்தபோது எனக்கு ஆறு வயது. அவருடைய புகைப்படங்கள் மூன்றுதான் உண்டு. ஸ்டுடியோவில் எடுத்த கல்யாணப் படம். ஏதோ விண்ணப்பத்துக்காக எடுத்து, மூலையில் முத்திரை விழுந்த சிறிய படம். அலுவலகத்தில் யாரோ ஓய்வு பெற்ற நாளில் எடுத்த குழுப்படம்; அதில் மூன்றாவது வரிசையின் ஓரத்தில் நிற்கிறார், பாதி முகத்தில் தூணின் நிழல். மூன்றிலும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் புகைப்படத்துக்கு யாரும் சிரிப்பதில்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருபவை இந்த மூன்று படங்களே. அசைவதாக ஒன்றுதான் இருக்கிறது: மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே, கண்களை இடுக்கி என்னைப் பார்க்கிறார். இரண்டு மூன்று நொடிகள், அதற்குமேல் ஓடாது.

என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா இதை ஒப்புக்கொள்வதில்லை. "அது நான் பார்த்ததுடா. நீ அழுதுகிட்டே இருப்பே, தூங்கவைக்க நான்தான் உனக்கு இதைச் சொல்வேன்" என்பாள். அவள் சொல்வது சரியாக இருக்கலாம். அப்படியானால் என் தந்தையைப் பற்றி என்னிடமிருக்கும் ஒரே அசையும் படம் அவளிடமிருந்து இரவல் வாங்கியது. எங்களில் யார் சொல்வது உண்மை என்று தீர்ப்பளிக்கக்கூடியவர் யாரும் இப்போது இல்லை.

இந்த இரவல் விவகாரத்தை எனக்குத் தெரிந்து மிகச் சரியாகத் தொட்ட படம் டங்கன் ஜோன்ஸின் 'மூன்' (2009). ஏறத்தாழ 50 லட்சம் டாலர் செலவு. நம் கணக்கில் பெரிய தொகை, விண்வெளிப் படங்களின் கணக்கில் தேநீர்ச் செலவு. இங்கிலாந்தின் ஷெப்பர்டன் ஸ்டுடியோவில் 33 நாட்களில் எடுத்தார்கள். நிலவின் பரப்பில் ஊரும் வண்டிகளுக்குக் கணினி வித்தையை மட்டும் நம்பியிராமல் சிறிய மாதிரிகளைச் செய்து படமாக்கினார்கள். படத்தைப் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடலாம். முடிச்சை அவிழ்க்காமல் இதைப் பேசுவதற்கில்லை.

சாம் பெல் என்ற தொழிலாளி, நிலவில் ஹீலியம்-3 தோண்டும் நிலையத்தில் மூன்று வருட ஒப்பந்தத்தில் தனியாக வேலை செய்கிறான். பூமியிலிருந்து மனைவி அனுப்பும் பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறான். பொழுது போகாமல் தன் ஊரை மரத்தில் சிற்றுருவாகச் செதுக்குகிறான். ஒரு விபத்துக்குப் பின் தன்னைப் போலவே இன்னொருவனைச் சந்திக்கிறான். இருவருமே நகல்கள், மூல சாம் பெல்லின் நினைவுகளை ஏற்றி எழுப்பப்பட்டவர்கள். மூன்று வருடத்தில் உடல் நைந்துவிடும், அடுத்த நகல் கண் விழிக்கும். கடைசியில் முதலாமவன் நிலையத்தின் எல்லையைத் தாண்டி வண்டியை ஓட்டிச் சென்று பூமிக்கு அழைக்கிறான். கைக்குழந்தை என்று அவன் எண்ணியிருந்த மகள் 15 வயதுப் பெண்ணாகத் திரையில் தோன்றுகிறாள். அம்மா இறந்துவிட்டதாகச் சொல்கிறாள். பிறகு உள்ளேயிருந்து அவளுடைய தந்தையின் குரல் கேட்கிறது. அது அவனுடைய குரலேதான். அவன் தொடர்பைத் துண்டித்துவிட்டு வண்டிக்குள் உட்கார்ந்து அழுகிறான்.

அந்த மனைவியை அவன் ஒரு நாளும் தொட்டதில்லை, அந்த ஊரில் நடந்ததில்லை. ஆனால் அந்த அழுகையில் எது பொய்? சாம் ராக்வெல் என்ற நடிகர், ஒரு வண்டி, ஒரு சிறிய திரை. இவ்வளவுதான் அந்தக் காட்சிக்குத் தேவைப்பட்டது. இதற்குமேல் ஒரு ரூபாய் செலவழித்திருந்தாலும் கெட்டுப்போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

சிக்கனத்துக்குப் பெயர்போனது ஷேன் கர்ருத்தின் 'ப்ரைமர்' (2004). 7000 டாலர் செலவில் எடுக்கப்பட்டு அவ்வருடம் சன்டான்ஸில் நடுவர் குழுவின் பெரும்பரிசைப் பெற்றது. இரண்டு பொறியாளர்கள் கார்கொட்டகையில் தற்செயலாகக் கால இயந்திரத்தைச் செய்துவிடும் கதை. அதன் காலவரைபடத்தைத் தாளில் வரைந்து விளங்கிக்கொண்டதாகச் சொல்பவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்துடனேயே பார்ப்பேன். எனக்கு முக்கியமாகப்படுவது சிறிய ஒரு விஷயம். அவர்களில் ஒருவன் ஒரு நாளின் உரையாடல்களை முன்னரே பதிவு செய்துகொண்டு, திரும்பி வந்து அதே நாளை மறுபடி வாழும்போது, காதில் ஒலிக்கும் பதிவைக் கேட்டபடியே தான் முன்பு பேசியதைத் திரும்பப் பேசுகிறான். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. குடும்ப விசேஷங்களில் நம்மில் பலர் இதை இயந்திரமில்லாமலே செய்துவருகிறோம். இதே வகையில் ஜேம்ஸ் வார்ட் பிர்கிட் தன் சொந்த வீட்டில் ஐந்து இரவுகளில் எடுத்த 'கொஹீரன்ஸ்' (2013) பற்றியும் பலர் சொல்வார்கள். விருந்துக்கு வந்த எட்டுப் பேர், மேலே ஒரு வால்மீன், தெருமுனையில் இன்னொரு 'நாம்'. சுவாரஸ்யமான புதிர். ஆனால் விடை தெரிந்ததும் அந்த எட்டுப் பேரில் ஒருவரைக்கூட எனக்கு மறுபடி பார்க்கத் தோன்றவில்லை.

மைக்கேல் அல்மெரேய்தாவின் 'மார்ஜரி பிரைம்' (2017) அப்படிப்பட்டதல்ல. ஜோர்டன் ஹாரிசனின் நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டது. கடலோரம் ஒரு வீடு, அதில் சில மனிதர்கள், பேச்சு. நினைவு மங்கிவரும் மார்ஜரி என்ற மூதாட்டிக்குத் துணையாக, இறந்துபோன கணவன் வால்டரின் ஒளியுரு சோபாவில் அமர்ந்திருக்கிறது. இப்படிப்பட்ட உருவுக்குத்தான் 'பிரைம்' என்று பெயர். அவள் விருப்பப்படி அது இளவயது வால்டர். குடும்பத்தார் சொல்லச் சொல்ல அது கற்றுக்கொள்கிறது. மருமகன் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார், மகளுக்கு அது பிடிப்பதில்லை. மார்ஜரியாக நடித்த லோயிஸ் ஸ்மித் மேடையிலும் அதே பாத்திரத்தை ஏற்றவர். வால்டர் தன்னை மணக்கக் கேட்ட இரவின் கதையை பிரைம் சொல்லும்போது அவள் குறுக்கிடுகிறாள். அன்று அவர்கள் பார்த்தது ஒரு சாதாரணக் காதல் படம். அதற்குப் பதிலாக ஒரு பழைய திரையரங்கில் 'காஸாபிளாங்கா' பார்த்ததாக இருக்கட்டுமே என்கிறாள். அடுத்த முறை அதுதான் நடந்ததாக ஆகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் குடும்பத்தில் தற்கொலை செய்துகொண்ட ஒரு மகனும் உண்டு. அவனைப் பற்றி பிரைமிடம் சொல்வதா என்பதில் வீடு தயங்குகிறது.

இந்தப் படத்தை நான் நிம்மதியாகப் பார்க்க முடியாததற்குக் காரணம் என் அம்மா. 1972இல் நான் பிறந்தபின், கைக்குழந்தையோடு தாய்வீட்டிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கியபோது மழை. அழைத்துப்போக அப்பா வரவில்லை, அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் வேலை. குடையோடு வந்தது சித்தப்பா. இந்தக் குறையை அம்மா நாற்பது வருடங்களுக்குமேல் சுமந்தார். மழை பெய்யும்போதெல்லாம் சொல்வார். அப்பா இறந்து பல வருடங்கள் கழிந்தும் அந்த வழக்கு முடியவில்லை. சித்தப்பாவும் இருந்தவரை, "நான்தான் போனேன், அண்ணி நனைஞ்சுபோயிட்டாங்க" என்று சாட்சி சொல்வார். மூன்று வருடங்களாக அம்மாவின் கதையில் குடையோடு நிற்பது அப்பா. "உங்கப்பாவுக்கு எவ்வளவு வேலை இருந்தாலும் வந்துடுவார்" என்கிறார். சொல்லும்போது முகம் தெளிந்திருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் திருத்துவதில்லை.

என் மகள் பாட்டியின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்து சேர்த்துவருகிறாள். இப்படிப்பட்ட பதிவுகளைக் கொடுத்தால் அவரைப் போலவே பேசும் உருவை ஆக்கித் தரும் சேவைகள் இன்று விலைக்குக் கிடைக்கின்றன. அதற்கு உடன்படுவதா என்பதே வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் பெண் காரியக்காரி. "அப்பா, ஸ்டேஷன் கதையில எதை வைக்கிறது? தாத்தா வந்ததா, சின்னத் தாத்தா வந்ததா?" என்று கேட்டாள்.

எனக்கு உடனே விடை வரவில்லை. நடந்தது எதுவோ அதைத்தான் வைக்க வேண்டும் என்று சொல்வது எளிது. ஆனால் அது யாருடைய அம்மா? மழை வந்தால் முகம் கடுக்கும் அந்த மனுஷிதான் என்னை வளர்த்தவர். ஆறு வயதில் தந்தையில்லாமல் போன பையனையும் பதினான்கு வயதுப் பெண்ணையும் அந்தக் கோபத்தின் பலத்தில் ஆளாக்கினார் என்றுகூடச் சொல்வேன். அதை எடுத்துவிட்டால் குரல் மட்டும்தான் அவருடையது. மறுபக்கம், எண்பது வயதுக்குமேல் அவர் தாமாகவே அந்த வழக்கை முடித்துக்கொண்டிருக்கிறார். எப்படி முடித்தார், யாரை மன்னித்தார் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்தத் தீர்ப்பைப் புரட்டிப்போட நான் யார்? இரண்டையும் வைத்துவிடலாமே என்றாள் அக்கா தொலைபேசியில். இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பும் மனிதரை நான் பார்த்ததில்லை. இயந்திரத்தால் முடியுமோ என்னவோ.

'மார்ஜரி பிரைம்' படத்தின் கடைசியில் அந்த வீட்டில் மனிதர் எவரும் இல்லை. மார்ஜரி இறந்து, அவளுக்கொரு பிரைம் வந்தது. மகளும் இறந்து, அவளுக்கொன்று வந்தது. மூன்று பிரைம்களும் எதிரெதிரே அமர்ந்து, யார் யாரோ தங்களிடம் சொல்லிவிட்டுப் போன குடும்பக் கதைகளைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன. கூடத்தில் சொல்லத் தயங்கிய மகனின் பேச்சும் எப்படியோ வந்துவிடுகிறது. குரல்களில் கனிவு இருக்கிறது, அவசரம் இல்லை. ஒன்று தவறாகச் சொன்னால் மற்றது திருத்த வழியில்லை. இதற்கு அல்மெரேய்தாவுக்குத் தேவைப்பட்டவை மூன்று நடிகர்களும் ஓர் அறையும் மட்டுமே.